கண்ணை மூடிக்கிட்டு உங்க வெப்சைட்ல ஒரு புடவை வாங்க முடியுமா?

தீபாவளிக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பார்வையில்லாத என் தோழி ஒருத்தி, அம்மாவுக்கு ஆன்லைனில் புடவை எடுக்க உட்கார்ந்தாள். அவள் போனில் ஸ்க்ரீன் ரீடர் உண்டு; விரலால் தள்ளத் தள்ள, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். படித்தது. 'இமேஜ், ஐ.எம்.ஜி 2047... இமேஜ், ஐ.எம்.ஜி 2048...' இப்படியே முப்பது புடவை! நிறம் தெரியாது, பார்டர் தெரியாது. தங்கையிடம் போனில் கேட்டு ஒருவழியாக ஒன்றைத் தேர்வுசெய்து, பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் 'லேபிள் இல்லாத பட்டன்... லேபிள் இல்லாத பட்டன்' என்று இரண்டு. ஒன்று பணம் கட்ட, இன்னொன்று ஆர்டரை ரத்து செய்ய. எது எதுன்னு எப்படித் தெரியும்? கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, கார்டு நம்பர், ஓ.டி.பி எல்லாம் சொல்லித்தான் வேலை முடிந்தது.

"புடவை வந்துடுச்சு. என் கார்டு நம்பர் இப்போ அவனுக்கும் தெரியும்" என்றாள் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பக்கத்தை உருவாக்கியவர் கெட்டவர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் வெப் டிசைன் படிக்கும் மாணவராக இருக்கலாம், கடைக்கு ஒரு வெப்சைட் செய்யச் சொல்லிக் காசு கொடுத்தவராக இருக்கலாம். இந்த விஷயம் உங்களுக்குத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். கண்புரையோடு போனை முகத்துக்கு நேரே வைத்துப் படிக்கும் உங்க வீட்டுத் தாத்தா இந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

முதலில் நீங்களே கேட்டுப் பாருங்க

புத்தகம், வீடியோ எல்லாம் அப்புறம். உங்க ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் 'அணுகல்தன்மை' பகுதியில் 'டாக்பேக்' என்பதை ஆன் செய்யுங்கள். ஐபோன் என்றால் 'வாய்ஸ் ஓவர்'. ஒரு எச்சரிக்கை: ஆன் செய்த பிறகு ஒருமுறை தொட்டால் எதுவும் திறக்காது, படிக்க மட்டும்தான் செய்யும். திறக்க இரண்டு முறை தட்டணும். அடுத்ததற்குப் போக வலப்பக்கம் தள்ளணும். இது தெரியாமல் ஆன் செய்துவிட்டு, ஆஃப் பண்ணத் தெரியாமல் அரை மணி நேரம் போராடியவள் நான்!

இப்போது கண்ணை மூடிக்கொண்டு உங்கள் வெப்சைட்டைத் திறந்து, ஒரு பொருளை வாங்க முயற்சி செய்யுங்கள். அஞ்சே நிமிஷம் போதும், எங்கே இடிக்குதுன்னு தெரிஞ்சிடும்.

ஏன் இடிக்கிறது? ஸ்க்ரீன் ரீடர் நாம் பார்க்கும் அழகான திரையைப் பார்ப்பதில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் ஹெச்.டி.எம்.எல் சொல்வதைத்தான் படிக்கிறது. படத்துக்கு 'ஆல்ட்' என்ற இடத்தில் விளக்கம் எழுதாவிட்டால், பல நேரம் ஃபைல் பெயரைப் படிக்கும். அங்கே 'புடவை' என்று மட்டும் எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. 'மயில்பச்சை காஞ்சிபுரம் பட்டு, அரக்கு பார்டர், சின்ன மாங்காய் புட்டா' என்று எழுதுங்கள். கடையில் நிற்கும் விற்பனையாளர் போனில் கேட்கும் வாடிக்கையாளருக்கு எப்படிச் சொல்வார், அப்படி. வெறும் அலங்காரத்துக்கு வைத்த பூ படமா? ஆல்ட்டைக் காலியாக விடுங்கள், ரீடர் தாண்டிப் போய்விடும்.

பட்டன் விஷயத்தில் இன்னொரு கூத்து நடக்கும். நிறைய பேர் 'டிவ்' என்ற வெற்றுப் பெட்டிக்கு நிறம் அடித்து, பட்டன் மாதிரி ஆக்கிவிடுவார்கள். பார்க்க பட்டன்தான், ரீடருக்கு அது பட்டனே இல்லை. கீபோர்டில் டேப் கீயைத் தட்டி வந்தாலும் அங்கே நிற்காது. கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவர்களும் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். நிஜமான 'பட்டன்' டேக் போட்டால் பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்தது. படிவத்தில் 'பெயர்', 'பின்கோடு' என்று பெட்டிக்கு உள்ளே மங்கலாக எழுதுவதும் போதாது. டைப் பண்ண ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும். வெளியே தனி லேபிள் வேண்டும்.

வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து... டிசைனர்களுக்கு இதில் என்ன மோகமோ! சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு இருக்கணும் என்பது சர்வதேச விதி. வீடியோவுக்கு கேப்ஷன் கட்டாயம், காது கேளாதவருக்கு அதுதான் குரல்.

தமிழில் மட்டும் வரும் சிக்கல்

ஆங்கிலப் பாடங்களில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த பி.டி.எஃப் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. திரையில் 'அம்மா' என்று தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். ரீடர் அதை 'எம், கே, செமிகோலன், கே, ஹெச்' என்று படிக்கும்! தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பழைய ஃபைல் இருந்தால் மாற்றிவிடுங்கள். சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து படமாகப் போடுவது அதைவிட மோசம், அங்கே ரீடருக்குப் படிக்கவே ஒன்றும் இல்லை.

அடுத்தது, பக்கத்தின் மொழி. ஹெச்.டி.எம்.எல்-லின் தொடக்கத்தில் 'லேங்' என்று ஓர் இடம் இருக்கும். டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்தால் அதில் ஆங்கிலம் என்றுதான் இருக்கும். ரீடரும் ஆங்கிலக் குரலை வைத்துக்கொண்டு தமிழைப் படிக்க முயன்று திணறும். அந்த இடத்தில் 'டி.ஏ' என்று இரண்டு எழுத்து மாற்றினால் போதும், தமிழ்க் குரல் வந்துவிடும்.

பெரிய கம்பெனிகள் மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு வருடா வருடம் 10 லட்சம் வெப்சைட்களின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025-ல் 94.8 சதவிகிதப் பக்கங்களில் தவறு. அதில் பெரும்பகுதி ஆறே வகைதான்: மங்கலான எழுத்து, ஆல்ட் இல்லாத படம், லேபிள் இல்லாத படிவம், காலி லிங்க், காலி பட்டன், மொழி குறிப்பிடாதது. ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய சமாசாரம்!

சட்டம் என்ன சொல்லுது?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் கேட்கிறது. ஐ.எஸ். 17802 என்று இந்தியத் தரமும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. வங்கிக் கணக்கு, சிம் கார்டு வாங்க ஆன்லைனில் கே.ஒய்.சி செய்யும்போது 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று கேமரா கேட்கும். ஆசிட் வீச்சில் இமைகள் சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? பாதிக்கப்பட்டவர்கள் வழக்கு போட்டார்கள். நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனப் பிரிவு 21 தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

எங்கே கத்துக்கலாம்?

உலகத் தரத்தை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பே இலவச ஆன்லைன் பாடம் நடத்துகிறது. கம்ப்யூட்டருக்கு என்.வி.டி.ஏ ஸ்க்ரீன் ரீடரை இலவசமாக டவுன்லோடு செய்யலாம். பார்வையில்லாத இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006-ல் ஆரம்பித்தது அது. க்ரோம் பிரவுசரில் இருக்கும் 'லைட்ஹவுஸ்', வெப்எய்மின் 'வேவ்' இரண்டும் தவறுகளைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும். ஆனால் ஆல்ட் இருக்கா, இல்லையான்னுதான் அதுக்குத் தெரியும். அரக்கு பார்டரை 'பச்சை'ன்னு எழுதியிருந்தால் கண்டுபிடிக்காது.

அதனால் எல்லாம் முடிந்த பிறகு, ஸ்க்ரீன் ரீடரை தினமும் பயன்படுத்துகிற ஒருவரிடம் உங்கள் வெப்சைட்டைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்பி வருகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் புகுந்து 'அங்கே தட்டுங்க'ன்னு சொல்லாதீங்க. ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்துக்கு மறக்காமல் கூலி கொடுத்துடுங்க. டிசைனருக்குக் கொடுக்குறீங்கல்ல?