வயல் நண்டின் ஓடும் நிறமும்

கல்வராயன் மலையில் உற்பத்தியாகும் கோமுகி நதியின் பாசனத்தில் நெல் பயிரிடும் கள்ளக்குறிச்சிக் குடியானவர்கள், வரப்பைத் துளைத்தும் இளநாற்றை அறுத்தும் நஷ்டம் விளைவிக்கும் வயல் நண்டை நன்கறிவர். அதன் ஓட்டின் அமைப்பை அறிந்தால் அதை அடக்கும் வழியும் விளங்கும்.

ஓட்டின் துண்டொன்றை நுண்பெருக்கியில் நோக்கின் பல அடுக்குகள் தோன்றும். மேலே மெல்லிய மெழுகுப் படலம்; அதன்கீழ் கைட்டின் என்னும் பொருளாலாகிய நுண்ணிய நார்கள், பாய்மேல் பாய் விரித்தாற்போல், அடுக்குக்கு அடுக்கு சற்றே திசை மாறி அமைந்திருக்கும். இடையே சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகியிருப்பதால் ஓடு எளிதில் பிளவுபடாது.

உணவின் வழியே பெறும் செந்நிறப் பொருள் புரதத்துடன் பிணைந்திருக்கும்வரை ஓடு கருமையாகத் தோன்றும். வேகவைத்தால் புரதம் சிதைந்து சிவப்பு வெளிப்படும்.

இறுகிய ஓடு வளராது. ஆகையால் நண்டு அதைக் கழற்றிப் புதிது பூணும். அது கெட்டிப்படும்வரை சில நாட்கள் இரை தேடாமல் வளையிலேயே பதுங்கும். ஆதலின் வெளியே இரை வைத்துப் பிடிப்பது மட்டும் போதாது; வளைகளைத் தோண்டி நண்டை எடுத்து, ஈரமண்ணிட்டு மிதித்து அடைத்தல் வேண்டும். உண்டு கழித்த ஓடுகளை எருக்குழியிலிட்டால் சுண்ணாம்பும் தழைச்சத்தும் நிலத்திற்கே மீளும்.

ஒருவர் வரப்பில் விட்ட வளையால் அண்டை வயலின் நீரும் வடியும். எனவே ஒரு மடைப் பாசனத்தார் அனைவரும் ஒரே சமயத்தில் இவ்வேலையைச் செய்யுமாறு கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்வது நலம்.