பச்சைப் பாம்பு
பச்சைப் பாம்பு அல்லது கண்கொத்திப் பாம்பு என்பது மரங்களிலும் புதர்களிலும் வாழும், மிதமான நஞ்சுடைய பாம்பு ஆகும். பெரம்பலூர், அரியலூர் போன்ற சமவெளிப் பகுதிகளுக்குரிய இனம் அகேதுல்லா ஆக்சிரிங்கா எனப்படுகிறது. இலங்கையின் அகேதுல்லா நசுட்டா இனத்துடன் ஒன்றாகக் கருதப்பட்டு வந்த இது, 2020 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது.

இப்பாம்பு மனிதரின் கண்ணைக் கொத்தும் என்பது தவறான நம்பிக்கையாகும். பேரினப் பெயருக்கு மூலமான சிங்களச் சொல்லும் இதே பொருளையே தருகிறது. முகத்தின் உயரத்திலுள்ள கிளைகளில் அசையாமல் கிடப்பதால் இவ்வச்சம் எழுந்திருக்கலாம். இதனாலேயே இது வீணாக அடித்துக் கொல்லப்படுகிறது.

உண்மையில் இதன் சிறப்பு இதன் கண்ணே. கிடைமட்டக் கண்மணியால், இரையாகும் ஓணான், தவளை ஆகியவற்றின் தொலைவை இது கணிக்கிறது. நச்சுப்பற்கள் மேல்தாடையின் பின்பகுதியில் உள்ளன. கடித்தால் வலியும் வீக்கமும் ஏற்பட்டுச் சில நாட்களில் தணியும். இது முட்டையிடாமல் குட்டிகளை ஈனுகிறது.