பசி பொறுக்காத மூளை

காலை ஐந்தரை மணிக்கு ஒரு டம்ளர் காபி. அதற்குப் பிறகு பிள்ளைகளின் டிபன் பாக்ஸ், கணவருக்கு மதியச் சாப்பாடு, பஸ்ஸைப் பிடிக்கும் ஓட்டம். தனக்கென்று எடுத்துவைத்த இரண்டு இட்லி மூடியபடியே கிடக்கும். பதினோரு மணிக்கு அலுவலகத்தில் காரணமே இல்லாமல் கொட்டாவி வரும், பிடரி இறுகும், இனிப்பாக ஏதாவது சாப்பிட்டால் தேவலை என்றிருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்க நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கும். டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தும். பக்கத்தில் யாராவது டப்பாவைத் திறந்தால் சாம்பார் வாசனைக்கே குமட்டும்.

பித்தம் என்பார்கள், சைனஸ் என்பார்கள், டென்ஷன் என்பார்கள். தைலம் தேய்த்து, மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அன்றைய வேலையை முடிப்பார்கள். ஆனால் இதில் பெரும்பாலானது மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி. பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிமான்ஸின் மருத்துவர்கள் கர்நாடகத்தில் நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. ஓராண்டு காலத்தில் மைக்ரேனால் அவதிப்பட்டவர்கள் அங்கே நூற்றுக்கு 25 பேர். ஆண்களைவிடப் பெண்களே அதிகம். இந்த வலியை மூளையின் வலியாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். உடல் சர்க்கரையையும் கொழுப்பையும் எப்படிக் கையாள்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் மைக்ரேனுக்குச் சிகிச்சை முழுமையாகாது.

மூளைக்கு எரிபொருள்

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஓய்வில் இருக்கும் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. இவ்வளவு செலவழிக்கும் உறுப்பிடம் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ரத்தத்தில் வரும் குளுக்கோஸையே நொடிக்கு நொடி நம்பியிருக்கிறது.

மைக்ரேன் உள்ளவர்களின் மூளையை வலி இல்லாத நாட்களில் ஸ்கேன் வழியாக ஆராய்ந்தபோதும், செல்களின் சக்தி இருப்பு மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிரேசில் நாட்டு விஞ்ஞானி அரிஸ்டைட்ஸ் லியோ 1944-ல் விவரித்த ஒரு மின் அலை, மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் மெதுவாக நகர்கிறது. தலைவலிக்கு முன் சிலருக்குக் கண்முன் தெரியும் மினுமினுப்புக்கும் கோணல்மாணல் கோடுகளுக்கும் இந்த அலைதான் காரணம் என்று கருதப்படுகிறது. அலை கடந்த பிறகு நரம்பு செல்கள் பழைய நிலைக்குத் திரும்ப நிறைய சக்தி வேண்டும். மூளையில் இருக்கும் சொற்பச் சேமிப்பும் கரைந்துபோன எலிகளில் இந்த அலை இன்னும் சுலபமாகக் கிளம்பியதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

செல்லுக்குள் சக்தி தயாரிப்பது மைட்டோகாண்ட்ரியா. அதன் வேலைக்குத் தேவையான ரிபோஃபிளேவினை, அதாவது வைட்டமின் பி2-ஐ, தினமும் 400 மில்லிகிராம் கொடுத்துப் பெல்ஜியத்தில் சோதித்தார்கள். மூன்று மாதத்தில் தலைவலி வரும் தடவைகள் குறைந்தன. 1998-ல் வெளியான சிறிய ஆய்வுதான் அது. ஆனாலும் இன்றுவரை பல மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுக்கிறார்கள்.

விரத நாளில் வரும் வலி

பசி மைக்ரேனைக் கிளப்பும் என்பது உலகெங்கும் தெரிந்த விஷயம். யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு நாளிலும், ரமலான் தொடங்கும் முதல் நாளிலும் தலைவலி கூடுவதை மருத்துவ ஆய்வுகளே பதிவுசெய்திருக்கின்றன. நம் ஆடி வெள்ளியும் சஷ்டியும் இதற்கு விலக்கல்ல. தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு, வெறும் வயிற்றில் கோயிலுக்குப் போகும் பெண்ணுக்கு இரண்டு தூண்டுதல்கள் ஒன்றாகச் சேர்கின்றன. தலைக்குக் குளிப்பதே சிலருக்கு மைக்ரேனை வரவழைக்கும் என்பதை இந்திய மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள்.

விரதத்தை விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் பால், பழம், மோர் அனுமதிக்கும் விரதமாக அதை மாற்றிக்கொள்ளலாம். தினமும் இரண்டு மூன்று வேளை காபி குடிப்பவர் விரதத்துக்காக அதை ஒரே நாளில் நிறுத்தினால் அதுவே ஒரு தலைவலியைக் கொண்டுவரும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது.

மற்ற நாட்களில் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பதே பாதி மருந்து. நான்கு இட்லியைவிட இரண்டு இட்லியும் ஒரு முட்டையும், அல்லது இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும் மேல். புரதம் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று ஏறாது, மதியம்வரை பசியும் தாங்கும். இன்னொன்று. இனிப்பு தின்றதால்தான் வலி வந்தது என்று பலர் தங்களையே நொந்துகொள்வார்கள். கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு போல அந்த இனிப்பு ஆசையும் பெரும்பாலும் தொடங்கிவிட்ட மைக்ரேனின் முதல் அறிகுறிதான்.

இடுப்புச் சுற்றளவு சொல்வது

ஒல்லியானவர்களுக்கும் மைக்ரேன் வரும். குண்டாக இருப்பதால்தான் வந்தது என்று யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை வந்துகொண்டிருந்த வலி மாதத்தில் பாதி நாளைத் தின்னும் நிலைக்கு முற்றுவதில் உடல் பருமனுக்குப் பங்கு உண்டு. வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. எடை குறைந்தவர்களுக்குத் தலைவலி நாட்களும் குறைந்ததைப் பல ஆய்வுகளில் பார்க்கிறோம்.

தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை எட்டினாலே எச்சரிக்கை. 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம். தலைவலிக்காக வருபவரின் இடுப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளக்காமல் அனுப்பும் வழக்கம் மாற வேண்டும்.

வலி தானாக விலகினால்

பிரான்சில் பல்லாயிரம் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு 2018-ல் வெளியானது. மைக்ரேன் தொடர்ந்து இருந்த பெண்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. அதைவிட யோசிக்கவைப்பது வேறொன்று. சர்க்கரை நோய் வந்த பெண்களுக்கு, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே மைக்ரேன் படிப்படியாகக் குறைந்துவந்திருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை மெல்ல ஏறுவதே வலியைத் தணித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு பலருக்குத் தலைவலி குறைவது உண்மைதான். ஆனாலும் நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் “என் தலைவலி தானாகவே போய்விட்டது” என்று நிம்மதிப்படும் பெண், வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சர்க்கரையைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, பருமன் எல்லாமே முதுமையில் மறதி நோயைக் கொண்டுவரும் காரணிகளின் பட்டியலில் இருப்பவை.

மருந்துச் சீட்டைப் பார்க்கும்போது

மைக்ரேனைத் தடுக்கத் தரும் மருந்துகளில் ஃப்ளூனரிசின், அமிட்ரிப்டிலின், வால்புரோயேட் ஆகியவை எடையைக் கூட்டக்கூடும், டோபிரமேட் குறைக்கும். வால்புரோயேட், டோபிரமேட் இரண்டுமே கருவைப் பாதிக்கும். அதனால் எடை, சர்க்கரை, தைராய்டு, குழந்தை பெறும் திட்டம் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் போட்டால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். மைக்ரேனுக்கென்றே தரும் டிரிப்டான் வகை, பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரை ஆகியவற்றுக்கு 10 நாளே அதிகம்.

கண்ணில் மினுமினுப்போடு வரும் மைக்ரேன் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. இளம் வயதில் ஆபத்தின் அளவே மிகச் சிறியது என்பதால் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை இவர்கள் எடுக்கவே கூடாது. புகைப்பவர் உடனே நிறுத்த வேண்டும்.

அன்றே போக வேண்டிய தலைவலி

எடை கூடிவரும் இளம்பெண்ணுக்குத் தினமும் தலைவலி, படுத்தால் அதிகம், குனிந்து நிமிர்ந்தால் பார்வை ஒரு நொடி இருள்கிறது என்றால் அதை மைக்ரேன் என்று விட்டுவிடக் கூடாது. மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். கண் நரம்பைப் பரிசோதிக்காமல் நாள் கடத்தினால் பார்வையே போகலாம். வாழ்நாளில் அனுபவிக்காத கடும் வலி நொடியில் வெடித்தாலோ, வாய் கோணினாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கினாலோ, மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்ளாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பக்கவாத அறிகுறி என்றால் 108-ஐ அழையுங்கள். ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, பொதுவாக அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.