செங்கொடியும் தமிழுரிமையும்

இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி 1943 ஆம் ஆண்டு யூலை 3 ஆம் நாள் தோன்றியது. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, பீற்றர் கெனமன் முதலியோர் அதன் முன்னோடிகளாவர். அதன் கொடியின் செந்நிறம் தொழிலாளர் சிந்திய குருதியைக் குறிக்கும். சம்மட்டி ஆலைத் தொழிலாளரையும், நம் வயற்புறத்தார் தாக்கத்தி என வழங்கும் அரிவாள் உழவரையும் சுட்டும்.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தகாலை, பருத்தித்துறை உறுப்பினர் பொன். கந்தையா பாராளுமன்றத்தில் அதனை எதிர்த்து உரையாற்றினார். கட்சியும் எதிர்த்தே வாக்களித்தது. ஆயின், 1966 சனவரியில் வடக்கு கிழக்கு நிருவாகத்தில் தமிழுக்கு இடமளித்த ஒழுங்குவிதிகளை எதிர்த்தோர் அணியில் அக்கட்சியும் நின்றது. கொடி மாறவில்லை, நிலை மாறிற்று. ஆதலின், மாணவர்காள், கொடியின் நிறத்தோடு, அதனை ஏந்துவோர் நெருக்கடியில் நின்ற பக்கத்தையும் நாம் நோக்குவோமாக.