கப்பலில் ஒரு கோட்டு ராத்திரி!

‘‘ஏங்க, கப்பல்ல சாப்பிடப் போறதுக்குக் கோட்டு போட்டுக்கணுமாம்!’’

மனைவி இப்படிச் சொன்னபோது கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை. லண்டனில் இருக்கும் அவளுடைய அண்ணன் அனுப்பிய டிக்கெட்டோடு இரண்டு பக்க விதிமுறையும் வந்திருந்தது. மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூரில் மாலை மாற்றிய கையோடு, பார்சிலோனாவில் கப்பல் ஏறி ஏழு ராத்திரி மத்தியதரைக் கடலைச் சுற்றி வர ஏற்பாடு. செலவு பூரா மச்சானுடையது. ‘கோட்டு’ மட்டும் அவரவர் பொறுப்பு.

விஷயம் இதுதான். ஏழு ராத்திரியில் இரண்டு ராத்திரி ‘ஃபார்மல் நைட்’. அன்றைக்குப் பெரிய டைனிங் ஹாலில் உட்கார வேண்டுமானால் ஆண்கள் டின்னர் ஜாக்கெட் அல்லது டார்க் சூட்டில் வர வேண்டும். மாட்டேன் என்பவர்கள் மாடியில் பஃபேயில் தட்டைத் தூக்கிக்கொண்டு கியூவில் நிற்கலாம்.

என்னிடம் ஒரு கோட்டு இருக்கத்தான் செய்தது. கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்தது. ஐந்து வருஷத்தில் கோட்டு அப்படியே இருக்க, நான் மட்டும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து வளர்ந்துவிட்டேன். டெய்லர் உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘‘பிரிச்சு விடத் துணி இல்ல சார். புதுசா தைச்சுடுங்க’’ என்றார், டாக்டர் ஆபரேஷன் என்று சொல்கிற அதே குரலில்.

தைத்தேன். கறுப்புக் கோட்டு, பட்டுப் பட்டை வைத்த காலர், கொக்கி மாட்டும் போ டை, இடுப்புக்குக் கமர்பண்ட். பதினாலாயிரம் ரூபாய்! ‘‘நீங்க என்ன மாமா போடப் போறீங்க?’’ என்று மாமனாரைக் கேட்டேன். போன வருஷம்தான் ஹெட்மாஸ்டராக ரிடையர் ஆனவர். நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ‘‘வேட்டி’’ என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாசலில் நிறுத்தி, ‘ஸாரி சார்’ என்று திருப்பி அனுப்பிவிட்டால்? அதுவும் அறுபதாம் கல்யாணத்து மாப்பிள்ளையை? மச்சானுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். ‘‘அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை’’ என்று நழுவிவிட்டார்.

கப்பல் ஏறும்போதே முதல் அடி. கோட்டு கசங்கக்கூடாது என்று நான் பெட்டியில் வைத்திருந்த அயர்ன் பாக்ஸைத் துறைமுகத்து செக்யூரிட்டி எடுத்து வைத்துக்கொண்டு, கையில் ரசீதைக் கொடுத்தார்கள். கப்பலில் பெரிய பயமே தீதானாம். அறைக்குள் இஸ்திரிப் பெட்டி கூடாது. தேய்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் கப்பல் லாண்டரியில், காசு கொடுத்து! பாத்ரூமில் கோட்டைத் தொங்கவிட்டு வெந்நீரைத் திறந்துவிட்டேன். ஆவியில் பாதிச் சுருக்கம் போயிற்று. மீதியை விதி மேல் போட்டேன்.

முதல் ராத்திரியே கோட்டு விழா இல்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. பெட்டிகள் அறைக்கு வந்து சேரவே அன்று சாயந்திரம் ஆகிவிடும். கடைசி ராத்திரி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட வேண்டும். அதனால் பெரும்பாலும் கரை தொடாமல் கடலிலேயே மிதக்கிற நாளாகப் பார்த்து வைக்கிறார்கள். எங்களுக்கு இரண்டாம் நாள்.

இந்தக் கோட்டு சமாசாரத்தின் பூர்வீகம் தெரிந்தால் சிரிப்பீர்கள். டின்னர் ஜாக்கெட் பிறந்ததே ஃபார்மலாக இல்லாமல் இருப்பதற்காகத்தான்! வால் வைத்த நீளக் கோட்டு அலுத்துப்போய், 1865-ல் பிரிட்டிஷ் இளவரசர் (பிற்பாடு ஏழாம் எட்வர்ட் மன்னர்) வீட்டில் சௌகரியமாகச் சாப்பிட, லண்டன் சவில் ரோவில் ஹென்றி பூல் கடையில் ஒரு குட்டைக் கோட்டு தைத்துக்கொண்டார். 1886-ல் அது நியூயார்க் பக்கத்து டக்ஸிடோ பார்க் என்கிற பணக்காரக் குடியிருப்புக்குப் போய், ‘டக்ஸிடோ’ ஆயிற்று. பெரிய கப்பல்களின் முதல் வகுப்பில் ராத்திரி சாப்பாடு என்றால் அலங்காரம் கட்டாயம். 1935-ல் ஓடத் தொடங்கிய பிரெஞ்சுக் கப்பல் ‘நார்மண்டி’யில் முதல் வகுப்பு டைனிங் ஹால் மட்டும் சுமார் 93 மீட்டர் நீளம். எழுநூறு பேர் உட்காரலாம். சீமாட்டிகள் எல்லோரும் பார்க்க இறங்கி வருவதற்கென்றே படிக்கட்டு!

கமர்பண்ட் கதை இன்னும் ஜோர். அது நம்ம ஊர் ‘கமர்பந்த்’. பாரசீகத்தில் இடுப்புக் கட்டு என்று அர்த்தம். இந்தியாவில் வெயில் தாங்காத வெள்ளைக்காரப் பட்டாள ஆபீசர்கள், உள்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இடுப்பில் இதைச் சுற்றிக்கொண்டார்கள். நம்ம ஊரில் பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டினால் பணிவு. அங்கே கட்டினால் கௌரவம்!

சரி, ராத்திரிக்கு வருவோம். மாமியார் அரக்குக் காஞ்சிபுரத்தில் பத்தே நிமிஷத்தில் தயார். மாமனார் மயில்கண் பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, அங்கவஸ்திரம். நான் கழுத்துக் கொக்கியோடு இருபது நிமிஷம் மல்லுக்கட்டினேன்.

ஹால் வாசல். எனக்குப் படபடப்பு. வாசலில் நின்றவர் மாமனாரைப் பார்த்தார்... லேசாகக் குனிந்து, ‘‘குட் ஈவினிங் சார்!’’ என்றார். அவ்வளவுதான். விதிமுறையின் கடைசி வரியில் ‘அவரவர் நாட்டுச் சம்பிரதாய உடையும் சம்மதம்’ என்று இருந்ததாம். நான் ‘டின்னர் ஜாக்கெட்’டோடு நிறுத்திவிட்டேன். ஹெட்மாஸ்டர் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார்.

சென்னை ஞாபகம் வந்தது. 2014-ல் ஒரு கிரிக்கெட் கிளப் விழாவுக்கு வேட்டியில் போன ஹைகோர்ட் நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அதற்கப்புறம் அதே வருஷம் சட்டசபையில் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. இங்கே ஒரு ‘குட் ஈவினிங்’கில் முடிந்துவிட்டது!

உள்ளே கப்பல் போட்டோகிராபர்கள் திரை கட்டி வைத்துக்கொண்டு, மாமனாரையும் மாமியாரையும் விடவில்லை. நான் ஓரமாக நின்று கமர்பண்டை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு வெள்ளைக்காரப் பாட்டி காலி கிளாஸை என் கையில் கொடுத்து, ‘‘எங்க டேபிளுக்குக் கொஞ்சம் தண்ணி’’ என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தேன். ஹாலில் அத்தனை சர்வர்களும் கறுப்புக் கோட்டு, போ டை. அட்சரம் பிசகாமல் என்னைப்போலவே! பதினாலாயிரம் ரூபாய் செலவு பண்ணி, பிரமாதமாக ஒரு சர்வர் ஆகியிருந்தேன். காது சூடாகிவிட்டது. கிளாஸை வைக்க இடமும் தெரியவில்லை.

‘‘குடுங்க அண்ணாச்சி. அது என் வேலை’’ என்று ஒரு கை நீண்டது. தூத்துக்குடிப் பையன். இருபத்தஞ்சு வயசு இருக்கும். எங்கள் டேபிளே அவனுடையதுதான். சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னான்: ‘‘போ டை எங்களுக்கு அண்ணாச்சி. நீங்க நீள டை கட்டிருந்தா போதும். பாருங்க, பாதிப் பேரு சாதா டார்க் சூட்டுதான்.’’ நிஜம்தான்.

‘‘உனக்கு எத்தனை நாள் தம்பி இந்தக் கோட்டு?’’

‘‘எட்டு மாச கான்ட்ராக்ட். வார லீவு கெடையாது. உங்களுக்கு இது ரெண்டு ராத்திரி. எனக்கு இதுதான் சோறு போடுது.’’

அவன் போனதும் மாமனாரிடம் பொருமினேன். ‘‘என்னைப் போய் சர்வர்னு நெனைச்சுட்டாங்களே மாமா!’’

சூப்பைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். ‘‘தண்ணிதானே கேட்டாங்க? வயசானவங்க. கொண்டுபோய்க் குடுத்திருக்கலாமே மாப்பிள்ளை. அதுல என்ன குறைஞ்சுபோயிருக்கும்?’’

பதில் இல்லை. எனக்கு வலித்தது பாட்டி ஆளை மாற்றிப் பார்த்ததா, இல்லை அந்தப் பையனோடு சேர்த்துப் பார்த்ததா? ராத்திரி பூரா யோசித்தேன். இரண்டாவதுதான். அதை ஒத்துக்கொள்ளத்தான் கஷ்டமாக இருந்தது.

பையன் மறுபடி வந்தபோது மாமனார் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: ‘‘நீ சாப்பிட்டியாப்பா?’’

கையில் நாலு தட்டோடு அவன் ஒரு விநாடி அப்படியே நின்றான். ‘‘ரெண்டாவது பந்தி முடியணும் ஐயா’’ என்றான். அத்தனை பெரிய ஹாலில் அவனிடம் வேறு யாரும் அன்றைக்கு அதைக் கேட்டிருப்பார்கள் என்று தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை.

போகிற இளைஞர்களுக்கு அனுபவஸ்தன் வாக்கு: டிக்கெட் எடுக்கும்போதே கப்பலின் உடை விதியைக் கடைசி வரி வரை படியுங்கள். நார்வீஜியன் போன்ற கம்பெனிகள் 2000-த்திலேயே ஃபார்மல் நைட் கட்டாயத்தைக் கைவிட்டுவிட்டன. குனார்டில் இன்னமும் ஜரூர். ஆபீஸ் இன்டர்வியூவுக்கு வாங்கிய டார்க் சூட் ஒன்று, வெள்ளைச் சட்டை இரண்டு, டை இரண்டு போதும். கறுப்பு சாக்ஸை மறக்காதீர்கள். ஷூவை ஊரிலேயே நாலு நாள் போட்டு நடந்து பழக்குங்கள். முதல் நாளுக்கு மாற்றுத் துணி கைப்பையில் இருக்கட்டும். வேட்டி கட்டத் தெரிந்தவர்கள் தைரியமாகக் கட்டுங்கள்.

இரண்டாவது ஃபார்மல் நைட்டில் மச்சானிடம் நீள டை கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். யாரும் கிளாஸ் கொடுக்கவில்லை. பாட்டி பக்கத்து டேபிளில்தான் இருந்தார். அவருடைய தண்ணீர் கிளாஸ் காலி. தூத்துக்குடித் தம்பி எங்கோ தூரத்தில் நாலு தட்டோடு ஓடிக்கொண்டிருந்தான்.

எழுந்து போய் ஜக்கை எடுத்து ஊற்றினேன். ‘‘தேங்க் யூ டியர்’’ என்றார் பாட்டி. இந்த முறை என்னை யாரென்று நினைத்தாரோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இறங்கும்போது ரசீதைக் கொடுத்து அயர்ன் பாக்ஸை மறக்காமல் வாங்கிக்கொண்டேன். ரிசப்ஷன் கோட்டு பக்கத்தில் இப்போது இன்னொரு கோட்டு தொங்குகிறது. மச்சானுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்குமாவது இடுப்பைக் காப்பாற்ற வேண்டும்!