சிறு சக்கரங்கள் – 9: புகுந்த வீட்டுப் பெயர்

லிவர்பூல் நகரத்து பின்ஸ் ரோடு தொழிற்சாலையிலிருந்து 1934-ம் ஆண்டு ‘டிங்கி’ என்ற பெயரைச் சூடிக்கொண்டு உலகம் சுற்றப் புறப்பட்ட உலோகப் பொம்மைக் கார்களின் கதையைச் சென்ற வாரம் சொன்னேன். அந்தக் கார்களின் இந்தியப் பிரதிகளையே நான் தேடிச் சேர்க்கிறேன் என்று அறிந்த நண்பர் சிலர், அசல் கிடைக்கும்போது நகலின் மீது இத்தனை அபிமானம் எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான விடை எனக்குச் சித்தூரில், ஒரு கொலுப் பெட்டிக்குள்ளே கிடைத்தது.

கிரீம்ஸ்பேட்டையில் என் அத்தை வீட்டுப் பரணிலிருந்து, நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்னதாக அந்தத் தகரப் பெட்டியை நான்தான் இறக்கினேன். மேற்படியில் வைப்பதற்கென்று திருப்பதியில் வாங்கிய செம்மரத்து மரப்பாச்சி ஜோடி, பழைய வேட்டித் துணியில் பத்திரமாகச் சுற்றப்பட்டு மேலாக இருந்தது. அதற்கும் கீழே, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, மணலைச் சாலையாகப் பரப்பி அமைக்கும் பூங்காவுக்குரிய சில்லறைச் சாமான்களுக்கிடையில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சிறு வேன் அகப்பட்டது. நீல வர்ணம் தடித்துப் பூசப்பட்டு, ஜன்னல் விளிம்புகளில் வழிந்து அப்படியே உறைந்திருந்தது; கூரையும் பக்கமும் சேரும் இடத்தில் நகத்தால் வருடினால் தட்டுப்படும்படி ஒரு மெல்லிய வார்ப்பு வரம்பு ஓடியது.

“ஏண்டாப்பா, கொலுச் சாமானைக் கவுத்துப்போட்டு என்ன தேடறே? உங்க மாமா மூர்மார்க்கெட்லேருந்து வாங்கிவந்தது அது” என்றாள் அத்தை.

நான் தேடியது அடித்தகட்டில் இருந்த பெயரை. ‘நிக்கி டாய்ஸ்’ என்று அங்கே இருந்தது.

அந்தப் பெயரின் பின்னே நம் தேசத்துச் சரித்திரத்தின் ஒரு சிறு பகுதி இருக்கிறது. 1957-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிவிட, சீமைப் பொம்மைகள் சாமானியக் குடும்பத்துக்கு எட்டாக்கனியாயின. அதற்கடுத்த பத்தாண்டில், டிங்கி கார்களைச் செய்த மெக்கானோ கம்பெனி தனக்கு இனி வேண்டாமென்று ஒதுக்கிய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு விற்கப்பட்டன. அந்த அச்சுகளிலிருந்து வார்த்தெடுக்கப்பட்டவையே நிக்கி கார்கள். ஜாகுவாரும் பென்ட்லியும் இவ்விதமாகக் கல்கத்தாவில் மறுஜன்மம் எடுத்தன. இவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது அந்தச் சிறு வேன்தான். இங்கிலாந்தில் அது ‘அட்லஸ்’. நம் நாட்டிலோ, நிஜ வண்டியைச் சென்னைக்கருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் ‘ஸ்டாண்டர்டு 20’ என்ற பெயரில் செய்துவந்தார்கள். ஆகவே பொம்மையும் பிறந்தகத்துப் பெயரை விட்டுப் புகுந்த வீட்டுப் பெயரை ஏற்றுக்கொண்டு, ‘ஸ்டாண்டர்டு 20’ ஆயிற்று. தெருவில் ஓடிய வண்டியும் கொலுப் பூங்காவில் நின்ற வண்டியும் ஒன்றே என்று இங்குள்ள குழந்தை கண்டுகொள்ள அது வழிசெய்தது.

பிரதிகள் எல்லாம் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. நிக்கி, அசல் அச்சிலேயே பிறந்தது. கல்கத்தாவின் மில்டன் கார்கள் கார்கி பொம்மைகளையும், மாக்ஸ்வெல் கார்கள் மாட்ச்பாக்ஸ் பொம்மைகளையும் பார்த்துச் செய்யப்பட்டவை. ஏறத்தாழ நானூறு டிகிரிச் சூட்டில் உருகிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவதே இந்த வார்ப்பின் முறை. வார்ப்புக்கு வார்ப்பு அச்சின் விளிம்பு தேய்ந்துகொண்டே வருவதால், வயதான அச்சிலிருந்து வரும் வண்டியில் கோடுகள் மழுங்கி, இடுக்குகளில் உலோகம் பிதுங்கி நிற்கும். உலோகத்தில் ஈயம் கலந்துவிட்டாலோ, நாளடைவில் அது உள்ளிருந்தே வெடித்துப் பொடிந்துபோகும். ஈரக்காற்று அந்த நோயை விரைவுபடுத்தும்.

இந்தக் குறைகளைக் கொண்டு பிரதியைத் தாழ்ந்ததென்று தள்ளிவிடலாமா? திருமலையில் மூலவர் கர்ப்பகிருஹத்தை விட்டு வெளியே வருவதில்லை. மலையப்ப சுவாமி என்னும் உற்சவ மூர்த்தியே மாட வீதிகளில் எழுந்தருளி, சந்நிதிவரை வர இயலாதவனுக்கும் தரிசனம் தருகிறார். அவரைப் போலி என்று சொல்லத் துணிகிறவன் உண்டா? தெய்வ விஷயத்தையும் விளையாட்டுச் சாமானையும் ஒரே தட்டில் வைப்பது என் எண்ணம் அன்று. ஆயினும், மூலம் வரமுடியாத இடத்துக்குப் பிரதி வந்து சேர்கிறது என்ற உண்மையை நம் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. லிவர்பூல் கார் சித்தூர் வீட்டுக்கு வரவில்லை. கல்கத்தா கார் வந்தது. மாமாவின் குழந்தைகள் விளையாடியது அதோடுதான். அவர்கள் பால்யத்துக்கு அதுவே அசல்.

பிரதி தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு நிற்கும்வரை அதில் குற்றமில்லை. நிக்கியின் அடித்தகட்டை மாற்றி, புது வர்ணம் தீட்டி, டிங்கி என்று அதிக விலைக்கு விற்பதே மோசடி. அதனால் ஏமாறுகிறவன் பணத்தை இழப்பதோடு, நம் கைவினைஞர் செய்த ஒரு பொருளும் தன் பெயரை இழந்துவிடுகிறது. சேகரிப்பவர்கள் இந்த ஒரு தர்மத்தையாவது காக்க வேண்டும்.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நவராத்திரிக்குப் பெட்டியை இறக்கும்போது, வர்ணம் உதிர்ந்த வண்டி என்று எதையும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதலில் அதைக் கவிழ்த்து, அடியில் என்ன பெயர் இருக்கிறது என்று படியுங்கள். புது வர்ணம் பூசாதீர்கள். ஈரமில்லாத இடத்தில், உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். யார் வாங்கியது, எந்த ஊரில் வாங்கியது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதனுடன் சேர்த்து வையுங்கள்.

அத்தை அந்த வேனை எனக்குத் தரவில்லை. அது கொலுவுக்குரியது என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதே சரி.

(தொடரும்)