உங்களுக்குத் தெரியுமா? பூஜ்யம் இல்லாமலும் எண்ணலாம்!

● பழைய தமிழ் எண்முறையில் பூஜ்யம் கிடையாது. ௧ முதல் ௯ வரை ஒன்பது இலக்கங்கள். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகள். பழைய மலையாள எண்களிலும் இம்மூன்றுக்கும் தனிக் குறிகள் உண்டு.

● இதில் எது முன்னால், எது பின்னால் என்பதுதான் முக்கியம். குறிக்கு முன்னால் நின்றால் பெருக்க வேண்டும், பின்னால் நின்றால் கூட்ட வேண்டும். ௨௰ என்றால் இருபது; ௰௨ என்றால் பன்னிரண்டு.

● நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுகள் பலவற்றில் காலம் காட்டுவது, கி.பி. 825-இல் தொடங்கிய கொல்லம் ஆண்டு. கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1, கொல்லம் 1132 ஐப்பசியில் வருகிறது. அந்த ஆண்டைப் பழைய முறையில் எழுதினால் ௲௱௩௰௨.

● இடமதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு பூஜ்யத்தை மட்டும் விலக்கவும் வழி உண்டு. 1 முதல் 9 வரை வழக்கம்போல. பத்துக்கு ‘ப’ என ஓர் இலக்கம். அப்போது 20 என்பது 1ப (ஒரு பத்தும் இன்னொரு பத்தும்). 100 என்பது 9ப. 110 என்பது பப. 2005 என்பது 19ப5. பூஜ்யமே இல்லாத 1956 மாறாமல் 1956-ஆகவே நிற்கும். ஜேம்ஸ் ஃபாஸ்டர் 1947-இல் இம்முறையை ஒரு கணித இதழில் விளக்கினார்.

● நாகர்கோவில் வண்டிகளில் டிஎன் 74-க்குப் பின் வரும் எழுத்துகளும் இப்படித்தான். ஒற்றை எழுத்துகள் தீர்ந்ததும் ஏஏ, ஏபி என்று வரிசை தொடர்கிறது. ‘ஏ’ பூஜ்யமாக இருந்தால் ஏ-யும் ஏஏ-யும் ஒன்றாகிவிடும். ‘ஏ’-யின் மதிப்பு 1 என்பதால்தான் இரண்டும் வேறு வேறு.

● எக்செல் நெடுவரிசைகளும் இதே கணக்குதான். இசட் 26, ஏஏ 27. கடைசி நெடுவரிசை எக்ஸ்எஃப்டி. எக்ஸ் 24, எஃப் 6, டி 4. எனவே 24×676 + 6×26 + 4 = 16,384.

● யூனிகோடில் ௰, ௱, ௲ தொடக்க காலத்திலேயே இடம்பெற்றன. தமிழுக்கென்று தனிப் பூஜ்யம் சேர்ந்தது 2005-இல்தான்.

● உங்கள் வீட்டுப் பிள்ளை 2014-இல் பிறந்திருந்தால், அந்த ஆண்டு ௨௲௰௪. ௧ முதல் ௯ வரையும், ௰, ௱, ௲ மூன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சுசீந்திரம் போகும்போது கல்லில் உள்ள ஆண்டை அவர்களே வாசிக்கட்டும்.